நீங்கள் சேமித்தது எங்கே குடியிருக்கிறது?

கம்பாசிட்டிங் (தனித்தனிப் படங்களை ஒரே காட்சியாக இணைக்கும் வேலை) துறையில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டு, நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அலுவலகத்தில் நியூக், வீட்டில் ஃப்யூஷன் என்று இரண்டு மென்பொருள்களில் வேலை செய்கிறார். படத்தின் மேல் ஒரு வேலையைச் செய்யும் பெட்டிதான் நோடு; ஒவ்வொரு நோடைப் போடும்போதும் அதே நான்கு எண்களை மாற்றிச் சலித்துப்போய், ஓராண்டுக்கு முன் எல்லாவற்றையும் தன் வசதிக்கேற்ப அமைத்துக்கொண்டார். சில நோடுகளின் இயல்பு மதிப்புகளை (போட்டவுடன் தானே வந்து நிற்கும் எண்களை) மாற்றினார். சில அமைப்புகளைப் பிரீசெட்டாகச் சேமித்தார். பல நோடுகளை ஒன்றாக அடக்கிய கருவிகளான மூன்று கிஸ்மோக்களையும் உருவாக்கினார். வேலை வேகமானது. பிறகு வரிசையாக மூன்று அடி விழுந்தது.

முதல் அடி: படத்தை நகர்த்தவும் அளவு மாற்றவும் உதவும் டிரான்ஸ்ஃபார்ம் நோடின் ஃபில்ட்டரை (பிக்சல்களை மறுபடி கணக்கிடும் முறையை) லான்சோஸ் 6 என்று இயல்பாக வைத்திருந்ததையே மறந்துவிட்டார். சில மாதம் கழித்து ஒரு ஷாட்டில் பிரகாசமான ஜன்னல் விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரிகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பின்னணித் திரையை நீக்கும் கீயிங்கிலும் விளிம்புத் திருத்தத்திலும் இரண்டு நாள் தேடிய பிறகே காரணம் தெரிந்தது. இரண்டாம் அடி: வேறு படத்துக்கு மாற்றப்பட்டபோது தன் ஷாட்டைச் சக கலைஞரிடம் ஒப்படைத்தார். அங்கே கோப்பு பிழைச் செய்தியோடு திறந்தது. நோடு மரம் நடுவில் அறுந்து நின்றது. அவசரமாக அதிலிருந்த ஒரு கிஸ்மோவைக் குரூப்பாக (உள் நோடுகள் ஷாட் கோப்பிலேயே இருக்கும் தொகுப்பாக) மாற்றி மறுபடி அனுப்பினார். மூன்றாம் அடிதான் பெரியது. நிறுவனம் நியூக் 12இலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறிய அன்று அவருடைய கணினியில் மட்டும் மென்பொருள் திறக்கவில்லை. கணினிப் பிரிவிலிருந்து வந்தவர் ஒரு கோப்புறையை அழித்தார், உடனே திறந்தது. ஓராண்டுச் சேமிப்பும் அதோடு போய்விட்டது. “இனி இங்கே தனிப்பட்ட அமைப்புகள் எதுவும் வேண்டாம்” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவருடைய கேள்விகள்: நான் செய்தது தவறா? அழிந்தவற்றை மீட்க முடியுமா? தனி ஃப்யூஷனில் சேமித்த இயல்பு மதிப்புகள் ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளுக்குள் இருக்கும் ஃப்யூஷன் பக்கத்தில் தெரிவதில்லையே, அது மென்பொருளின் பிழையா? இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் முடிகிறது. என் கருவிகளை என்னோடு எடுத்துச் செல்லலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கோபம் புரிகிறது. இந்த வேலையில் இருப்பவர்களில் ஒரு முறையாவது தன் கருவிப்பெட்டியைத் தொலைக்காதவரை நான் பார்த்ததில்லை. ஆனால் கடிதம் முழுவதும் ‘சேமித்தேன்’ என்ற ஒரே சொல்லை நான்கு வெவ்வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மூன்று அடிகளும் அந்தக் குழப்பத்திலிருந்து வந்தவை.

இயல்பு மதிப்பை மாற்றுவது ஒன்று. ஒரு நோடின் அமைப்பைப் பெயரிட்டுப் பிரீசெட்டாக வைப்பது இன்னொன்று. பல நோடுகளை இணைப்போடு சேர்த்து டூல்செட்டாக வைப்பது மூன்றாவது. உள்ளே பத்து நோடுகளை மறைத்து வெளியே நான்கு கைப்பிடிகளை மட்டும் காட்டும் கிஸ்மோ அல்லது மேக்ரோ நான்காவது. திரையில் நான்கும் ஒரே மாதிரிப் பயன் தருவதுபோலத் தெரியும். ஆனால் அவை குடியிருக்கும் இடம் வேறு வேறு. சில ஷாட் கோப்பின் உள்ளேயே இருக்கும். சில உங்கள் பயனர் கணக்கின் கோப்புறையில் இருக்கும். சில எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருக்கும். எதைச் சேமித்தாலும் இது எங்கே போய் உட்காருகிறது என்று முதலில் கேளுங்கள். அது தெரிந்தால் யாருடைய கணினியில் வேலை செய்யும், எப்போது தொலையும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

இயல்பு மதிப்பை மாற்றும்போது

நான்கில் மிக எளிதானதும் மிக ஆபத்தானதும் இதுதான். பிரீசெட்டை நீங்கள் கையால் தேர்ந்தெடுக்கிறீர்கள். தேர்ந்தெடுத்தது நினைவில் நிற்கும். இயல்பு மதிப்பு கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு மாதம் கழித்து அது மென்பொருளே வைத்த எண் என்று நீங்களே நம்பிவிடுவீர்கள். உங்கள் ஜன்னல் ஷாட்டில் நடந்தது அதுதான்.

லான்சோஸ், சின்க் போன்ற ஃபில்ட்டர்கள் படத்தைக் கூர்மையாக வைத்திருப்பதற்குக் காரணம், அவற்றின் வளைவு சுழியத்துக்குக் கீழேயும் இறங்குவது. நேரியல் ஒளி மதிப்புகளில் மிகப் பிரகாசமான பிக்சலுக்குப் பக்கத்தில் இருண்ட பிக்சல் இருந்தால், அந்த இறக்கம் இருண்ட பிக்சலைச் சுழியத்துக்கும் கீழே தள்ளிவிடும். கறுப்புக் கோடு அங்கிருந்து வருகிறது. அப்படியானால் எல்லா ஷாட்களிலும் ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நியூக்கில் அடுத்தடுத்து வரும் டிரான்ஸ்ஃபார்ம் நோடுகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே முறைதான் படத்தை வடிகட்டும். அப்போது செல்லுபடியாவது சங்கிலியின் கடைசி நோடில் உள்ள ஃபில்ட்டர். கடைசியில் பழைய நோடு நின்ற ஷாட்கள் தப்பித்தன. புதிதாகப் போட்ட நோடு கடைசியில் நின்ற ஷாட் மாட்டிக்கொண்டது. பிரகாசமான விளிம்பே இல்லாத ஷாட்களில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

இதை வைத்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளலாம். படத்தின் பிக்சலைத் தொடும் எந்த மதிப்பையும் இயல்பாக மாற்றாதீர்கள். ஃபில்ட்டர், பிளர் அளவு, மெர்ஜ் முறை, நிற இடம் இவையெல்லாம் ஒவ்வொரு ஷாட்டிலும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. பிக்சலைத் தொடாதவற்றைத் தாராளமாக மாற்றுங்கள். பிளர் நோடின் லேபிளில் அதன் அளவு தானே தெரியும்படி வைப்பது, படத்தைக் கோப்பாக எழுதும் ரைட் நோடு கோப்புறை இல்லாவிட்டால் தானே உருவாக்கிக்கொள்ளும்படி வைப்பது போன்றவை வருடக்கணக்கில் உழைக்கும், யாரையும் காயப்படுத்தாது.

‘இயல்பு மதிப்பை மாற்றியும் பழைய ஷாட்டில் உள்ள நோடுகள் மாறவில்லை’ என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். மாறாமலிருப்பதற்கு நன்றி சொல்லுங்கள். புதிய இயல்பு மதிப்பு அதற்குப் பிறகு போடும் நோடுகளுக்குத்தான். முடித்துக் கொடுத்த ஷாட் உங்கள் இன்றைய ரசனைக்கேற்ப மாறத் தொடங்கினால் யாரும் வேலை செய்ய முடியாது.

நியூக்கில் இயல்பு மதிப்புக்கான வரியை பைத்தான் என்ற நிரல் மொழியில் உள்ள இனிட் கோப்பில் எழுதுவதே முறை. நீங்கள் மெனு கோப்பில் எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். மெனு கோப்பு திரையோடு நியூக் திறக்கும்போது மட்டும் படிக்கப்படும். ரெண்டர் ஃபார்மில் (இறுதிப் படங்களைக் கணக்கிட்டு உருவாக்கும் கணினிக் கூட்டத்தில்) திரையில்லாமல் ஓடும் நியூக் இனிட் கோப்பை மட்டுமே படிக்கும். மேலும், நியூக் தன் கோப்பில் நோடின் எல்லா மதிப்புகளையும் எழுதுவதில்லை. இயல்பிலிருந்து மாறியவற்றை மட்டும் எழுதுகிறது. ஆகவே எதையாவது இயல்பாக மாற்றியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த நோடை நகலெடுத்து ஒரு சாதாரண எழுத்துத் திருத்தியில் ஒட்டுங்கள். நோடு முழுவதும் வாசிக்கக்கூடிய எழுத்தாக விரியும். நீங்கள் நம்பியிருக்கும் மதிப்பு அதில் எழுதப்பட்டிருந்தால் அது ஷாட்டோடு பயணம் செய்யும். இல்லையென்றால் உங்கள் கணினியில் மட்டுமே உயிர் வாழும். அரை நிமிட வேலை.

ஃப்யூஷனில் கருவியின் மேல் வலது சொடுக்கி, செட்டிங்ஸ் பட்டியலில் ‘சேவ் டிஃபால்ட்’ என்று கொடுக்கிறீர்கள். அங்கே வேறொரு கண்ணி உண்டு. நீங்கள் மாற்றிய ஒரு எண்ணை மட்டும் அது எடுத்துக்கொள்வதில்லை. அந்த நொடியில் கருவி இருக்கும் நிலை முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. எழுத்துருவை மட்டும் இயல்பாக்க நினைத்து டெக்ஸ்ட் பிளஸ் கருவியைச் சேமித்தால், சோதனைக்காகத் தட்டிய வாசகமும் கூடவே வரும். நான் ஒருமுறை எதையோ பரிசோதிக்க பிளர் அளவை நூறுக்கு ஏற்றிவைத்த நிலையில் இப்படிச் சேமித்துவிட்டு, மறுநாள் காலை முழுவதும் வரைகலை அட்டையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எப்போதும் புதிதாக ஒரு கருவியைப் போட்டு, வேண்டியதை மட்டும் மாற்றி, உடனே சேமியுங்கள். பழைய நிலை வேண்டுமென்றால் அதே பட்டியலில் ‘ரீசெட் டிஃபால்ட்’ இருக்கிறது.

ரிசால்வில் தெரியாதது பிழையில்லை. ரிசால்வுக்குள் ஃப்யூஷன் பக்கம் 2018இல் 15ஆம் பதிப்போடு வந்தது. உள்ளே ஓடுவது ஒரே இயந்திரம் போலத் தோன்றினாலும், தனி ஃப்யூஷனும் ரிசால்வும் தங்கள் அமைப்புகளைத் தனித்தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்கின்றன. ஒரு வீட்டு அலமாரியில் வைத்ததை அடுத்த வீட்டு அலமாரியில் தேடுகிறீர்கள். விருப்பத்தேர்வுகளில் ‘பாத் மேப்’ பகுதியைத் திறந்தால் ஒவ்வொன்றின் முகவரியும் தெரியும். ஒன்றின் டிஃபால்ட்ஸ் கோப்புறையிலுள்ள செட்டிங் கோப்பை மற்றதின் அதே பெயருள்ள கோப்புறையில் வைத்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்.

கிஸ்மோவும் மேக்ரோவும் ஒன்றில்லை

வீட்டிலும் அலுவலகத்திலும் வேறு வேறு மென்பொருள் என்பதால் இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்யூஷனில் மேக்ரோவைக் காம்பில் (ஃப்யூஷனின் ஷாட் கோப்பில்) போட்டவுடன் அதன் உள்ளடக்கம் முழுவதும் அந்தக் காம்ப் கோப்பிலேயே பதிந்துவிடும். மூலக் கோப்பை அழித்தாலும் காம்ப் திறக்கும்; மூலத்தைத் திருத்தினாலும் பழைய காம்ப் மாறாது. நியூக்கின் கிஸ்மோ இதற்கு நேர் எதிர். ஷாட் கோப்பில் இருப்பது கிஸ்மோவின் பெயரும் நீங்கள் மாற்றிய மதிப்புகளும் மட்டுமே. உள்ளிருக்கும் நோடுகள் வேறெங்கோ ஒரு கோப்பில் இருக்கின்றன. உங்கள் சக கலைஞரின் கணினிக்கு அந்த ‘வேறெங்கோ’ தெரியாது. பெயரைக் கூப்பிட்டது, ஆள் இல்லை, மரம் அறுந்தது.

இதிலிருந்து இன்னொரு ஆபத்தும் கிளைக்கிறது. அது உங்களுக்கு இதுவரை நேரவில்லை. நேர்ந்திருந்தால் மூன்று அடிகளோடு நின்றிருக்காது. கிஸ்மோவின் உள்ளே இன்று ஒரு திருத்தம் செய்தால், அதைப் பயன்படுத்திய பழைய ஷாட்கள் எல்லாம் அடுத்த முறை திறக்கும்போது புதிய விதமாக நடந்துகொள்ளும். ஒப்புதல் வாங்கிய ஷாட்டை ஆறு மாதம் கழித்து மறுபடி ரெண்டர் செய்யச் சொல்வார்கள். படம் வேறாக வரும். ஆகவே வேலைக்கு வந்துவிட்ட கிஸ்மோவைத் திருத்தாதீர்கள். பெயரிலேயே பதிப்பு எண் இட்டு, அடுத்ததைப் புதிய கோப்பாக உருவாக்குங்கள். பழையது அப்படியே இருக்கட்டும்.

ஷாட்டைக் கைமாற்றுவதற்கு முன் கிஸ்மோவைக் குரூப்பாக மாற்றிவிடுவது நல்ல பழக்கம். நோடின் பண்புகளிலேயே அதற்குப் பொத்தான் உண்டு. நீங்கள் அவசரத்தில் செய்ததை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒருவர் பயன்படுத்தும் கருவிக்குக் கிஸ்மோவே தேவையில்லை என்பது என் கட்சி. குரூப்பாக உருவாக்கி டூல்செட்டில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டவுடன் அது ஷாட்டுக்குள் வந்துவிடும். யாரிடம் போனாலும் திறக்கும். ஐந்து பேர் பயன்படுத்தும் கருவியானால் கிஸ்மோ சரி. ஆனால் அது உங்கள் பயனர் கோப்புறையில் இருக்கக் கூடாது. நியூக் பாத் என்ற சூழல் மாறி (எங்கே தேடுவது என்று நியூக்குக்குச் சொல்லும் அமைப்பு) சுட்டும் பொதுக் கோப்புறையில், எல்லாக் கணினிகளும் ரெண்டர் ஃபார்மும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அழிந்தது ஏன், மீட்பது எப்படி

கணினிப் பிரிவுக்காரர் அழித்தது உங்கள் பயனர் கணக்கில், பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியோடு இருக்கும் நியூக் கோப்புறையை. மெனு, இனிட் கோப்புகள், டூல்செட்கள், பிரீசெட்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். பெரும்பாலானோர் கிஸ்மோக்களையும் அங்கேயே போட்டுவைப்பார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள்.

நியூக் ஏன் திறக்கவில்லை என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். 2021இல் வந்த நியூக் 13 பைத்தான் 3க்கு மாறியது. ‘பழைய நண்பர் ஒருவர் தந்த மெனு கோப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். பைத்தான் 2 காலத்தில் எழுதப்பட்ட கோப்பில், அடைப்புக்குறி இல்லாத ஒரு பிரிண்ட் வரி இருந்தாலே போதும். பைத்தான் 3 அதை இலக்கணப் பிழை என்று சொல்லிக் கோப்பு முழுவதையும் நிராகரிக்கும். ஒரு வரியில் அடைப்புக்குறி போட்டுத் தீர்க்க வேண்டியதைக் கோப்புறையை அழித்துத் தீர்த்திருக்கிறார்கள். அடுத்த முறை இப்படி நேர்ந்தால், நியூக்கை ‘சேஃப்’ என்ற பாதுகாப்பு முறையில் திறந்து பாருங்கள். அது உங்கள் சொந்த அமைப்புகளைப் படிக்காது. அதில் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் உங்கள் கோப்புறைக்குள்தான் இருக்கும். அப்போதும் அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். பிறகு உள்ளிருப்பவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தால் எது தடுக்கிறது என்று பிடிபடும்.

மீட்பைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. சக கலைஞருக்கு அவசரமாக மாற்றி அனுப்பினீர்களே, அந்த ஷாட் கோப்பில் அந்தக் கிஸ்மோ குரூப் வடிவில் முழுதாக இருக்கிறது. திறந்து, மறுபடி கிஸ்மோவாக ஏற்றுமதி செய்துகொள்ளலாம். அன்று தலைகுனிய வைத்த அந்த மின்னஞ்சல் இன்று உங்கள் காப்புப் பிரதி. டூல்செட்டிலிருந்து போட்ட நோடுகளும் பழைய ஷாட்களில் அப்படியே இருக்கும். தேர்ந்தெடுத்து மறுபடி டூல்செட்டாகச் சேமியுங்கள். பிரீசெட்டின் எண்கள்கூட அதைப் பயன்படுத்திய நோடுகளில் கிடைக்கும். மற்ற இரண்டு கிஸ்மோக்களின் உட்புறம் எந்த ஷாட்டிலும் இருக்காது. நிறுவனத்தின் காப்புப் பிரதியில் உங்கள் பயனர் கோப்புறை சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவற்றை மறுபடி கட்டுவதுதான் வழி. இரண்டாம் முறை கட்டும்போது பாதி நோடுகள் தேவையில்லை என்று தெரியவரும். என் அனுபவம் அது.

ஒப்பந்தம் முடியும்போது

நான் வழக்கறிஞன் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தை நான் படிக்கவும் இல்லை. ஆனால் கடிதத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: ‘நான் கட்டியது, ஆகவே என்னுடையது.’ நிறுவனத்தின் நேரத்தில், அதன் ஷாட்டுக்காகக் கட்டிய கருவி நிறுவனத்துக்கே உரியது என்று சொல்லும் ஒப்பந்தங்கள் இந்தத் துறையில் சர்வசாதாரணம். சில ஒப்பந்தங்கள் வேலை நேரத்துக்கு வெளியே செய்வதையும் தொடும். உரிமை யாருடையது என்ற கேள்வியைவிட முதலில் கடிக்கப்போவது இரகசியக் காப்பு விதிதான். கருவி உங்களுடையதாகவே இருந்தாலும், அனுமதியில்லாமல் ஒரு கோப்பை வெளியே நகலெடுப்பதே மீறலாகலாம். அந்தக் கோப்புக்குள் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் எண்ணிப்பாருங்கள். உங்கள் கிஸ்மோவை எழுத்துத் திருத்தியில் திறந்தால், படக் கோப்பைப் படிக்கும் ஏதோ ஒரு ரீட் நோடில் சர்வர் முகவரியும், வெளியாகாத படத்தின் இரகசியப் பெயரும், ஷாட் எண்ணும் எழுத்தெழுத்தாக இருக்க வாய்ப்புண்டு.

எடுத்துச் செல்ல விரும்புவதைப் பட்டியலிட்டு எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். சிறு கருவிகளுக்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் கோப்பை விட்டுவிடுங்கள். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்ற அறிவு உங்களோடு வருகிறது. ஒப்பந்தம் தடுக்காத அளவுக்கு, வீட்டில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். வீட்டில் கட்டுவதற்கு நியூக்கின் வணிகமல்லாத இலவசப் பதிப்பைப் பயன்படுத்த நினைத்தால் ஒரு எச்சரிக்கை: அது தன் கோப்புகளையும் கிஸ்மோக்களையும் மறையாக்கிச் சேமிக்கும், வணிகப் பதிப்பில் அவை திறக்காது. இணையத்தில் நியூக்பீடியா போன்ற தளங்களிலிருந்து எடுத்த கருவிகளைப் பொறுத்தவரை, உடன் வரும் உரிமக் குறிப்பைப் படியுங்கள். அவை உங்களுடையவையும் இல்லை, நிறுவனத்துடையவையும் இல்லை.

கடைசியாக, சூப்பர்வைசர். அவர் சொன்னது பாதி நியாயம். தன் பொறுப்பிலுள்ள ஷாட்கள் யாரோ ஒருவரின் பயனர் கோப்புறையை நம்பி நிற்பதை எந்தச் சூப்பர்வைசரும் விரும்பமாட்டார். ஆனால் ‘எதுவுமே வேண்டாம்’ என்பது, எல்லோரும் அதே நான்கு எண்களை மறுபடி தட்டுவதில் போய் முடியும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. எதிர்த்து வாதாடாமல் ஒரு பக்கக் குறிப்போடு போங்கள்: பொதுக் கோப்புறையில் வைக்கத் தகுந்த கருவிகள் எவை, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, பதிப்பு எண் எப்படி, பிக்சலைத் தொடாத எந்தெந்த இயல்பு மதிப்புகளை எல்லோருக்கும் சேர்த்து மாற்றலாம். மீட்டெடுத்த அந்த ஒரு கிஸ்மோவை அங்கேயே திறந்து காட்டுங்கள். குறிப்பில் லான்சோஸை மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.